காற்றை விழுங்குகிற பிராணி

தம்பி,

இதை நீ உட்கார்ந்து படி. எழுதுகிற நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. காலையில் பால் வாங்கி வருகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவன், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடித்தேன், மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன், ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அதிலும் இருப்புக் கொள்ளாமல் திருக்கழுக்குன்றத்தில் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்காக நின்றுகொண்டே இந்த முதல் பக்கத்தை எழுதுகிறேன். பாலுக்குக் கொண்டுவந்த தூக்குச்சட்டி பையில் காலியாகக் கிடக்கிறது. எழுதுவது பழைய ரெக்கார்டு நோட்டில். ஒரு பக்கம் கோடு போட்டது, எதிர்ப்பக்கம் படம் வரைய வெறுமையாக விட்டது. கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற அன்று லேப் அலமாரியில் மிஞ்சிக் கிடந்த நாலைந்தைக் கேட்டு வாங்கி வந்தேனே, அதில் ஒன்று. கையெழுத்து கோணலாக இருந்தால் பஸ்ஸைத் திட்டு, என்னைத் திட்டாதே.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரைச் சுற்றி வருகிறேன் என்பாய். என் குரல்வளையில் கட்டி. வியாழக்கிழமை அதை எடுக்க வேண்டும். எடுத்தால் குரலும் கூடவே போகும். கழுத்தில் ஒரு துளை வைப்பார்கள், அதற்கப்புறம் மூச்செல்லாம் அந்த வழியாகத்தான். டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்டியபோது, தை பிறக்கட்டும், பையனின் நிச்சயதார்த்தம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். தை நிச்சயத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது, கட்டி அதுவரை சும்மா இருக்காது என்றார் அவர். நீ ஆஸ்பத்திரி நடையில் அத்தனை பேர் முன்னால் கத்தினாய். "உயிரு முக்கியமா, சபையில உன் பேச்சு முக்கியமா நைனா? எப்பவுமே உனுக்கு உன் கௌரவந்தான் பெருசு!" கத்திவிட்டு ஆபீஸ் இருக்கிற நாவலூருக்குப் போனவன்தான், ஒன்பது நாளாக என் போனை எடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். அவள் பேசும்போது நான் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தள்ளிப்போடச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. ரேவதியின் அப்பா ஏழுமலை உன்னை மருமகனாக ஏற்க ஒரு வருஷம் பிடித்தது. அவர்கள் கோவளத்தில் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர்கள். நாம் படாளத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்களின் வாரிசு. நீயும் அவளும் ஒரே ஆபீசில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தால் உங்களுக்கு அதெல்லாம் மறந்துபோகும், இரண்டு ஊருக்கும் மறக்காது. கடைசியில் அவர் இறங்கி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பொண்ணு தர்றேன். ஆனா எங்க ஊரு பெரிய ஆளுங்க முன்னாடி தட்டு மாத்தறப்போ, மாப்ள அப்பன் தன் வாயால மூணு வாட்டி கேக்கணும். தாம்பூலம் உங்களுது, பொண்ணு எங்களுதுன்னு. எழுதிக் குடுத்தா செல்லாது. வேற ஆளு சொன்னாலும் செல்லாது." நான் மார்தட்டினேன். மூன்று என்ன, முப்பது வாட்டி கேட்கிறேன் என்றேன். அன்றைக்கே தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் அந்த மனிதர் மனசோடு மல்லுக்கட்டி உனக்காகச் சம்மதித்திருக்கிறார், நான் சபையில் வாய் பேசாமல் நின்றால் அதைச் சாக்காக வைத்து யாராவது தட்டைக் கீழே வைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. கௌரவமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

பஸ் வந்துவிட்டது. மீதியை மாமல்லபுரத்தில் எழுதுகிறேன்.

இங்கே காற்று பக்கத்தைப் பிடுங்குகிறது. பஸ் நிலையத்தை ஒட்டிய கடையில் இட்லி வாங்கி, இரண்டு விள்ளல் விழுங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. விழுங்கும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன் என்று உன் அம்மா ஒரு மாதமாகச் சொல்கிறாள். தவளையும் அப்படித்தான். அது இரையை விழுங்கும்போது இரண்டு கண்ணும் உள்ளே இறங்கிப் போகும், அந்தக் கண் உருண்டைகள்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளிக் கொடுக்கும். கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு தவளைக்கு மண்புழு கொடுத்துக் காட்டுவேன், கத்துவார்கள். முப்பத்தோரு வருஷம் விலங்கியல் லேபில் அட்டெண்டர். படாளம் ஏரிக்கரை வயலில் தவளையும் தேரையும் பிடித்து வருவது, தொட்டியில் விடுவது, மயக்கம் கொடுப்பது, மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி மல்லாக்க வைப்பது, எல்லாம் என் வேலை. பட்டம் வாங்காமலே தவளையின் வயிற்றுக்குள் குடியிருந்தவன் நான். மூன்று மடல் கல்லீரல், அதற்கடியில் பச்சைப் பட்டாணி மாதிரிப் பித்தப்பை, வளைந்த இரைப்பை, அங்கிருந்து சுருண்டு ஓடுகிற குடல், கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொல்வேன். 'தவளை அண்ணாத்த' என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அதிலும் வாய்தான் என் ராஜ்ஜியம். தவளையின் வாயைத் திறந்து மேல்தாடை ஓரத்தை நகத்தால் தடவினால் பொடிப் பற்கள் நறநறவென்று தட்டுப்படும், தேரைக்கு அதுவும் கிடையாது, பிறவிப் பொக்கை. நாக்கு நமக்கு மாதிரிப் பின்னால் ஒட்டியிருக்காது. முன்னால் ஒட்டி, நுனி தொண்டைப் பக்கமாக மடிந்து கிடக்கும். அதைத் தூக்கினால் வாயின் தரையில் சின்னதாக ஒரு கீறல் தெரியும், அதுதான் காற்று போகிற வழி. அதற்குப் பின்னாலேயே உணவுக்குழாயின் வாய். இரண்டுக்கும் நடுவே ஓர் அரிசி இடம் இருந்தால் அதிகம். காலிப் பேனா ரீஃபிலை இரண்டு பக்கமும் வெட்டி அந்தக் கீறலில் செருகி மெல்ல ஊதுவேன், இரண்டு நுரையீரலும் இளஞ்சிவப்பாக எழும்பி நிற்கும். தவறிப் பின்னால் இருக்கிற துளையில் ஊதிவிட்டால் இரைப்பை உப்பும், பிள்ளைகள் சிரிப்பார்கள். எட்டு மாதம் என் கரகரப்புக்கு லேபில் சுவாசித்த ஃபார்மலின் மேல் பழிபோட்டுக் கற்கண்டும் சுக்கும் சப்பிக்கொண்டிருந்தேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டு டிவியில் காட்டினாரே, பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அதே கீறல். அதன் விளிம்பில் ஒரு முண்டு. அவர் விளக்க வாயெடுப்பதற்குள், இது மூச்சுக்கு, இது சோற்றுக்கு, கட்டி மூச்சு வாசலில் இருக்கிறது என்று நான் சொன்னேன். "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். நீ வேறு பக்கம் பார்த்தாய். ஏன் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும், அதை எழுதத்தான் இந்தப் பாடு.

அதற்கு முன்னால் இன்னொன்று. நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வந்திருந்தார், மதுராந்தகம் பக்கம், பஸ் கண்டக்டராக இருந்தவர். கழுத்துத் துளைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டை மூடி, தொண்டையை ஒரு வெட்டு வெட்டி, எதையோ விழுங்கினார். அப்புறம் ஏப்பம் மாதிரி ஒரு சத்தம் மேலே வந்தது, அந்த ஏப்பத்துக்குள் வார்த்தை இருந்தது. "பயப்படாத... காத்த முழுங்கு... வயித்துக்கு அனுப்பாத... நடுவுல புடிச்சி... திருப்பி உடு... பேச்சு வரும்." அவர் சொன்னதில் முக்கால்வாசி புரிந்தது. குரல் எப்படி இருந்தது தெரியுமா? மழை விட்ட மறுநாள் வயலில் கேட்கிற குரல். கருவிகளும் இருக்கின்றன, கைகொடுக்கும், ஆனாலும் இதைப் பழகிவிடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தவன் நிற்காமல் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். தவளை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டுதான் கத்தும், காற்று நுரையீரலுக்கும் வாய்க்குமாகப் போய்ப் போய் வரும், ஒரு சொட்டுக்கூட வெளியே விடாது. இதை எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வருஷம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். அதே வித்தை என் கழுத்துக்கு வந்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பயம் தம்பி. கௌரவம் என்று நீ சொன்னதில் பாதிக்கு மேல் பயம்.

சரி, இப்போது அந்த எட்டுத் தவளை. நீ ப்ளஸ் ஒன் முடித்து லீவில் இருந்த ஏப்ரல். கல்லூரியில் செய்முறைத் தேர்வு. காலைப் பிரிவுக்குத் தவளையின் வாயைத் திறந்து காட்சிக்கு வைக்க வேண்டும். மதியப் பிரிவுக்கு உயிருள்ள தவளையின் தொண்டை நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ண வேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. படாளத்தில் இரண்டு நாள் அலைந்தும் எட்டுதான் அகப்பட்டது. வேறு ஒருவனாக இருந்தால் பேராசிரியரிடம் போய் எட்டுதான் கிடைத்தது சார் என்று சொல்லியிருப்பான். தவளை அண்ணாத்தையால் அப்படிச் சொல்ல முடியுமா? எட்டையே இரண்டு வேளைக்கும் ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். காலையில் லேசான மயக்கம், தீக்குச்சியை ஒடித்து வாயில் முட்டுக்கொடுத்துத் தட்டில் வைப்பது, பதினொன்றரைக்குக் குச்சியை எடுத்துத் தொட்டியில் விடுவது, மதியத்துக்குள் தெளிந்துவிடும். வாய் திறந்திருந்தால் என்ன, மூக்கு இருக்கிறதே என்பது என் எண்ணம். முட்டுக்கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, குச்சி வெளியே தெரியாது. பதினொன்றரைக்குக் குச்சியை எடுத்தபோது எட்டும் செத்திருந்தன.

நான் உடனே பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். "குளோரோஃபார்ம் புதுச் சரக்கு சார், ஸ்ட்ராங்கா கீது," என்றேன். பேராசிரியர் நம்பினார். வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் தலையாட்டினார். அப்போது நீ என் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்றிருந்தாய். தட்டுகளைப் பார்த்தாய், ஒடித்த குச்சிகளைப் பார்த்தாய். பக்கத்தில் வந்து, சட்டைப் பொத்தான் கழன்றிருக்கிறது என்று சொல்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாய். "குளோரோஃபார்ம் இல்ல நைனா. வாயத் தொறந்து வெச்சா அதால மூச்சு இழுக்க முடியாது. அதுக்கு வெலா எலும்பு கெடையாது, நெஞ்ச விரிக்காது. வாய மூடிகினு, தொண்டையால காத்த முழுங்கி முழுங்கித்தான் உள்ள தள்ளும். தோலாலயும் கொஞ்சம் மூச்சு வுடும், ஆனா நீ காஞ்ச தட்டுல ஃபேனுக்குக் கீழ வெச்சிருக்க." தேர்வாளர் சிரித்தார். "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க, தவளை அண்ணாத்தைக்கே பையன் பாடம் எடுக்கறான்," என்றார். பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் உன்னை அறைந்தேன். "மூட்றா வாய" என்று கத்தினேன். நீ அழவில்லை. கேரியரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாய். அடித்த வேகத்தில் அது சாய்ந்து ரசம் கசிந்திருந்தது, கேரியர் வைத்திருந்த துணிப்பையில் மஞ்சள் கறை வெகுநாள் இருந்தது.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். அடுத்த வாரம் ஒரு தவளையைப் பிடித்து வந்து, லேபில் யாரும் இல்லாதபோது அதன் வாயில் குச்சி வைத்துப் பார்த்தேன். தொண்டை அடித்தது, அடித்தது, விலாப்பக்கம் கொஞ்சமும் எழும்பவில்லை. குச்சியை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். வாய் மூடியதும் ஒரு மடக்கு காற்று விழுங்கியது, பக்கம் இரண்டும் நிறைந்தன. நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது மட்டுமா? மறுவருஷத்திலிருந்து பிள்ளைகள் வாயைத் திறந்து வைக்கப் போனால் நானே தடுப்பேன். "தொறந்து வெக்காதீங்க, அதால மூச்சு இழுக்க முடியாது, வெலா எலும்பு கெடையாது, காத்த முழுங்கித்தான் உள்ள தள்ளும்" என்பேன். உன் வாக்கியம். ஒரு சொல் மாற்றவில்லை. அனுபவத்தில் சொல்றார் பார் என்று பேராசிரியர் பாராட்டினார், வாங்கிக்கொண்டேன். மேலிடத்து உத்தரவு வந்து தவளை அறுப்பது நின்று, பிளாஸ்டிக் தவளை வந்த பிறகும், அந்தப் பிளாஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதையே சொன்னேன். நீயோ உயிரியல் எடுத்த பையன், நல்ல மார்க்கு. ப்ளஸ் டூ முடிந்ததும் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு இன்ட்ரஸ்ட் இல்லை என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒருமுறை தொட்டியில் இருந்த ஒரு தவளை ஏதோ ஆகாத பூச்சியை விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரம் தவித்தது. அப்புறம் தன் இரைப்பையையே புரட்டி வாய்க்கு வெளியே தள்ளி, முன்னங்கையால் துடைத்துவிட்டு, மறுபடி உள்ளே விழுங்கிக்கொண்டது. மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு அருவருப்பாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. ரேவதியோடு வாழப்போகிறவன் நீ, உனக்கு நான் சொல்ல நினைத்த புத்திமதி இது ஒன்றுதான். அவளிடம் ஏதாவது தப்பாக நடந்துகொண்டால் அன்றைக்கே சொல்லிவிடு. சாப்பிட்ட பிறகு, தூங்கி எழுந்த பிறகு, நல்ல மனநிலையில் இருக்கும்போது என்று நாள் பார்க்காதே. அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது கோவளத்தில் இருக்கிறேன். மாமல்லபுரத்தில் எழுதி முடித்ததும் பட்டணம் போகிற பஸ் ஒன்று வந்தது, யோசிக்காமல் ஏறிவிட்டேன். யோசிக்காமல் என்பது பொய், காலையிலிருந்து கால் இங்கேதான் இழுத்தது. ஏழுமலை கரையில் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார். "இன்னா சம்பந்தி, சொல்லாம கொள்ளாம வந்துகினு கீற? கைல தூக்குச்சட்டி வேற." நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். நிச்சயத்தை இந்தப் புதன்கிழமையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மார்கழில எவனாச்சும் தட்டு மாத்துவானா? உனுக்கு இன்னா ஆச்சு?" அவருக்கு இதுவரை நாம் சொல்லவில்லை அல்லவா, சொன்னேன். கட்டி, வியாழக்கிழமை, கழுத்துத் துளை, காற்றை விழுங்கி ஏப்பத்தில் பேசுவது, எல்லாம். அவர் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை அதன் மேல் உட்காரவைத்தார். காலையிலிருந்து நான் ஒழுங்காக உட்கார்ந்தது அங்கேதான்.

"அப்ப அந்த கொரலுலயே கேளு," என்றார்.

"சபையில சிரிப்பாங்க சம்பந்தி. தவள கத்தற மாதிரி கீது."

"வாயால கேக்கணும்னுதான சொன்னேன்? எந்தக் கொரலுல கேக்கணும்னு சொன்னேனா? காத்து அடிக்கறப்போ கடலுல எவன் கொரலு எவனுக்கு ஒழுங்கா கேக்குது? இருந்தாலும் இன்னா சொல்றான்னு புரிஞ்சிகினு கயித்த இழுக்கறோம் இல்ல? எங்க ஆளுங்க சிரிச்சா நான் பாத்துக்கறேன். நீ மூணு வாட்டி கேளு, அது போதும்."

அவர் பக்கத்தில் மணலில் குந்தினார். "மாப்ள இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். பேசுவதில்லை என்றேன். "நீ பேசினியா?" போனை எடுப்பதில்லை என்றேன். "போன்ல இல்லய்யா. நேர்ல போயி பேசினியா?" இல்லை என்றேன். "இன்னும் மூணு நாளுதான் அந்தக் கொரலு இருக்கும்ன்ற. அதத் தூக்கிகினு நாவலூருக்குப் போவாம எங்கிட்ட வந்து வளவளன்னு பேசிகினு கீற. பெத்த புள்ளகிட்ட சொல்ல உனுக்கு ஒண்ணுமே இல்லியா?" அந்த மனிதருக்கு எட்டுத் தவளைக் கதை தெரியாது. நாம் யாரும் சொன்னதில்லை. இருந்தும் சரியான இடத்தில் கையை வைத்துவிட்டார். தட்டு மாற்றுகிற அன்றைக்குச் சொல்லத்தான் குரல் வேண்டும் என்று ஒன்பது நாளாகப் பிடிவாதம் பிடித்தேன். அதை எந்தக் குரலிலும் சொல்லலாம் என்று பெண்ணின் அப்பாவே சொல்லிவிட்டார். இந்தக் குரலில் மட்டுமே சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது, நான் அதை மறைத்துக்கொள்ளத்தான் சபையைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தோன்றியது.

பையில் சம்மதப் படிவம் இருந்தது. ஐஸ் பெட்டி மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு மூலை நனைந்திருக்கிறது, டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்புறம் சிரிக்காதே, அங்கேயே பயிற்சியும் ஆரம்பித்தேன். முதலில் வருவது ப, ட, க, அந்த எழுத்துக்களில் தொடங்குகிற சொல்லாகப் பாருங்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். உதட்டை மூடினேன், தொண்டையை வெட்டிக் காற்றை விழுங்கினேன். முதல் தடவை நேராக வயிற்றுக்குப் போய்விட்டது. இரண்டாவது தடவை விக்கல். நாலாவதோ ஐந்தாவதோ, கீழே போகிற காற்றை நடுவில் பிடித்துத் திருப்பினேன். "ப்பொ" என்று வந்தது. படகு நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. ஏழுமலை தொடையில் தட்டிக்கொண்டு, "வருதுய்யா! பொண்ணுல பாதி வந்துருச்சி!" என்று சத்தம் போட்டார். தைக்குள் மீதிப் பாதியும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது, காயம் ஆறவே நாள் ஆகுமாம். வராவிட்டால் நிச்சயத்தைப் பங்குனிக்குத் தள்ளிக்கொள்வோம் என்று அவரே சொல்லிவிட்டார். என்றைக்கு ஆனாலும் நான்தான் கேட்பேன். நீ என் பக்கத்தில் நில், எனக்குப் பதிலாக நீ சொல்ல வராதே.

இப்போது அவர்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். எதிர்ப்பக்கத்தில் தவளையின் வாயை வரைந்து வைத்திருக்கிறேன், காற்று வழியும் சோற்று வழியும் அம்புக்குறி போட்டு. நீ பார்த்துத் திருத்து. ரேவதி இன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள், நாளைக் காலையில் ஆபீஸ் வரும்போது நோட்டை உன் கையில் கொடுப்பாள். நோட்டில் என்ன விஷயம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, நீயே சொல்லு.

இத்தனை பக்கம் எழுதியும் மன்னிப்பு என்ற ஒன்றை இதில் நான் எழுதவில்லை, கவனித்திருப்பாய். மறந்துவிடவில்லை. ஒரு லேப் நிறைய ஆட்கள் இருக்கும்போது வாயால் செய்த காரியத்தை நோட்டில் எழுதித் தீர்க்கக் கூடாது. எழுதிக் கொடுத்தால் செல்லாது, வேறு ஆள் சொன்னாலும் செல்லாது. புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு முன்னால் வீட்டுக்கு வா. லீவு கிடைக்காவிட்டால் சொல்லியனுப்பு, நானே நாவலூருக்கு வந்து உன் ஆபீஸ் வாசலில் நிற்கிறேன். நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம், நின்று கேட்டால் போதும்.

மீதி இருக்கிற குரல் கொஞ்சம்தான், காலையிலிருந்து பாதியைச் செலவழித்துவிட்டேன். சற்று முன்பு ரேவதி காபி வேண்டுமா மாமா என்று கேட்டாள், தலையைத்தான் ஆட்டினேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் செங்கல்பட்டு என்று எழுதிக் காட்டுவேன். காலையில் போனவன் சாயங்காலம் காலித் தூக்குச்சட்டியோடு வந்து நிற்கிறானே என்று உன் அம்மா பிடித்து உலுக்குவாள், அவளுக்கும் இந்தப் படிவத்தைத்தான் காட்டப்போகிறேன். நீ வருகிற வரைக்கும் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன்.